முன் வலது இருக்கை

1

"நீ ஓட்டுத வண்டியில ஏறுனா எனக்கு எங்கனட்டி உறக்கம் வரும்? கண்ணைத் தொறந்து வச்சிக்கிட்டே சாமி கும்பிட வேண்டியதுதான்."

ஜெர்மனியில் ஓட்டுநர் உரிமம் வாங்கிய அன்று சேரன்மகாதேவிக்குப் போன் போட்டுச் சொன்னபோது அப்பா சொன்ன பதில் இது. வாழ்த்து என்று ஒரு சொல் இல்லை. அவர் வாடகை வேன் ஓட்டியவர். தலை நரைத்த பிறகும் அடுத்தவர் ஓட்டும் வண்டியில் அவர் கண் மூடிப் பார்த்ததில்லை என்று அம்மா சொல்வாள். பஸ்ஸில் போனால்கூட டிரைவருக்குப் பின்னால் நின்றுகொண்டு வளைவுக்கு வளைவு உடம்பைச் சாய்ப்பார்.

பிளஸ் டூ விடுமுறையில் வண்டி ஓட்டக் கற்றுக்கொடுங்கள் என்று கேட்டேன். "படிக்கப் போற பிள்ளைக்கு ஸ்டியரிங் எதுக்கு? ஒரு வீட்டுக்கு ஒரு டிரைவர் போதும்" என்றார். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தைத் தாண்டிப் போனவள் நான் ஒருத்திதான். அப்பாவுக்கு எழுத்துக்கூட்டவும் வராது; கையெழுத்து என்று ஒரு படம் வரைவார். நான் நர்சிங் முடித்து, ஜெர்மன் படித்து, தேர்வு எழுதி இந்த ஊருக்கு வந்தபோது வேன் ஸ்டாண்டில் இருந்த அத்தனை பேருக்கும் டீ வாங்கிக் கொடுத்தாராம். ஆனால் கார் ஓட்டுகிறேன் என்றதும் இப்படி ஒரு பேச்சு. அந்தப் பேச்சை நான் மறக்கவில்லை. மறக்கக் கூடாது என்றே வைத்திருந்தேன்.

போன மாதம், நான் இங்கே வாங்கி ஓட்டிய அந்தப் பழைய கார் நின்றுவிட்டது. இந்தக் குளிர்காலத்தின் முதல் கடும் உறைபனி விழுந்த காலை. வீடு வீடாகப் போய் முதியவர்களைக் கவனிப்பது என் வேலை. முதல் வீடு ஆறு கிலோமீட்டர். பாதி வழியில் வெப்பமானியின் முள் சிவப்புக்கு ஏறியது, முன்பக்கம் வெள்ளையாக ஆவி கிளம்பியது, ஒரு கனத்த சத்தம், அதன் பிறகு ஒன்றுமில்லை. இரண்டு பக்கமும் அறுவடை முடிந்த வயல். பனி மூடிய தாள்கட்டைகள். நான் இறங்கவில்லை. என் வலது பக்கத்துக் காலி இருக்கையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். அங்கிருந்து ஒரு கேள்வி வரும் என்று காத்திருந்தேன்.

2

ஒர்க்‌ஷாப் வைத்திருப்பவர் பெயர் யூசுஃப். துருக்கியிலிருந்து சிறுவயதில் வந்தவர். எங்கள் இருவருக்கும் ஜெர்மன் இரவல் மொழி. அவருடையது நன்றாகத் தேய்ந்து வழுவழுப்பானது. என்னுடையதில் இன்னும் பிசிறு இருக்கிறது. வண்டியை இழுத்து வந்து நிறுத்தியதும், "என் கார் இறந்துவிட்டது" என்றேன். மனிதர்களுக்குச் சொல்லும் வினைச்சொல்.

"கார் இறக்காது. உடையும்" என்று திருத்தினார்.

ஆயில் அளக்கும் கம்பியை உருவிக் காட்டினார். பால் கலந்த காபி நிறத்தில் இருந்தது. இன்ஜினின் உடம்பிலேயே விரிசல். தண்ணீரும் ஆயிலும் ஒன்றாகிவிட்டன. பிறகு ரேடியேட்டரில் மிச்சமிருந்ததைச் சொட்டு எடுத்து விரலில் தேய்த்துப் பார்த்தார். இந்த ஊரில் ரேடியேட்டருக்குள் உறையாத திரவம் கலந்து ஊற்ற வேண்டும். இளஞ்சிவப்பாக, பிசுபிசுப்பாக இருக்கும். அவர் விரலில் இருந்ததில் நிறமே இல்லை.

"இது தண்ணீர். குழாய்த் தண்ணீர். இரவில் உறைந்து இன்ஜினைப் பிளந்திருக்கிறது. யார் ஊற்றியது?"

"எனக்கு முன்னால் வைத்திருந்தவர்களாக இருக்கும்" என்றேன்.

அவர் என்னை ஒரு கணம் பார்த்தார். பிறகு இரண்டு வழி சொன்னார். இதே மாதிரி பழைய இன்ஜின் ஒன்று எங்காவது கிடைத்தால் வாங்கி மாற்றலாம். தேடவும் மாற்றவும் இரண்டு மாதம், மூன்று மாதம்கூட ஆகலாம். கூலி காரின் விலையைத் தாண்டும். அல்லது உடைக்கக் கொடுத்துவிடலாம். "நானாக இருந்தால் கொடுத்துவிடுவேன்" என்றார்.

எங்கள் நிறுவனத்தில் மாதக் கடைசி வரை தவணை கொடுத்தார்கள். அதற்குள் சொந்த வண்டி இல்லையென்றால் என் சுற்று வேறு ஒருவருக்குப் போகும்.

இதை ஊரில் வாசிப்பவர்களுக்குச் சிரிப்பாக இருக்கும். பழைய கார், உடைத்துவிட்டு வேறு வாங்க வேண்டியதுதானே என்று தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியிருக்கும், அம்மா மட்டும் இல்லையென்றால். சித்திரையில் அம்மா இங்கே வருகிறாள். அவள் இந்த ஊரில் பார்க்க ஆசைப்படுவது ஒன்றே ஒன்று. அந்த முன் வலது இருக்கையில் ஒரு தடவை உட்கார வேண்டும்.

3

போன வருடம் அப்பாவும் அம்மாவும் சேர்ந்து வருவதாகத்தான் ஏற்பாடு. அம்மாவுக்கு ரேஷன் கார்டில் முத்தம்மாள், ஆதாரில் முத்துலட்சுமி. இரண்டும் ஒரே ஆள்தான் என்று நிரூபிக்க அலைந்தே அவளுடைய பாஸ்போர்ட் நின்றுபோனது. "நீரு போய்ட்டு வாரும். அடுத்தால நாம ரெண்டு பேரும் போவோம்" என்று அப்பாவை அனுப்பிவைத்தாள்.

ஆறு வாரம் இருந்தார். முதல் நாள் விமான நிலையத்தில் காரைப் பார்த்ததும் நேராக வலது பக்கக் கதவைத் திறந்து உட்கார்ந்தார். உட்கார்ந்த பிறகுதான் கை தேடியது. ஸ்டியரிங் இல்லை. இங்கே ஓட்டுபவருக்கு இடது பக்கம். வாழ்நாள் முழுக்க உட்கார்ந்த அதே பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார். பிடிக்க ஒன்றும் இல்லை, மிதிக்க ஒன்றும் இல்லை.

"என்னட்டி, எல்லாத்தையும் கழத்திட்டு சீட்ட மட்டும் குடுத்திருக்கான்" என்றார்.

சீட்டைப் பின்னால் தள்ளி, சாய்வை நிமிர்த்தி, தன் அளவுக்கு வைத்துக்கொண்டார். எனக்காகப் பத்தமடையிலிருந்து ஒரு பாய் கொண்டுவந்திருந்தார். என் அறையில் விரிக்க இடமில்லை என்று சொல்லிவிட்டேன். மறுநாள் பார்த்தால் காய்கறி வெட்டும் கத்தியால் அதை நறுக்கி, அந்த இருக்கையின் காலடிக்குச் சரியாகப் போட்டுவைத்திருந்தார். நான் சத்தம் போட்டேன். "உன் வண்டி அழுக்காயிரும்லா" என்றார்.

அந்த ஆறு வாரமும் நான் ஒவ்வொரு முறை பிரேக் பிடித்தபோதும் அவருடைய வலது காலும் மிதித்தது. எனக்கு ஒரு நொடி முந்தி. பாயில் அந்த இடம் நைந்து நார் கிளம்பிவிட்டது. எனக்கு எரிச்சலாக இருந்தது. உரிமம் என்னிடம் இருக்கிறது, ஓட்டுவது நான், இவர் என்ன என்னோடு சேர்ந்து மிதிப்பது?

ஒரு ஞாயிற்றுக்கிழமை மலைப்பக்கம் ஓர் அணைக்கட்டு பார்க்கக் கூட்டிப் போனேன். திரும்பும்போது வளைவு வளைவான இறக்கம். அப்பா கதவுக்கு மேலிருந்த பிடியைப் பற்றிக்கொண்டு கண்ணை மூடியிருந்தார். பயத்தில் சாமி கும்பிடுகிறார் என்று நினைத்தேன். வேண்டுமென்றே ரேடியோவைச் சத்தமாக வைத்தேன். இப்போது அதை நினைத்தால் உடம்பு கூசுகிறது.

காலையில் அவர் என்னைவிட முன்னால் எழுந்துவிடுவார். காரின் முன்மூடியைத் திறந்து, ரேடியேட்டர் தண்ணீரைப் பார்த்துவிட்டுத்தான் காபி குடிப்பார். ஊரிலும் அப்படித்தான். கன்னடியன் கால்வாயில் ஐந்து லிட்டர் ஆயில் டின்னில் தண்ணீர் மொண்டு வந்து வேனுக்கு ஊற்றுவார். காரையாறு ஏற்றத்தில் இன்ஜின் சூடேறினால் ஓரம் கட்டி, ஓடையில் மொண்டு மறுபடியும் ஊற்றுவார். வண்டி குடித்த பிறகு மனிதன் குடிப்பது அவருடைய ஒழுங்கு. இங்கிருந்து ஊருக்குப் புறப்படுவதற்கு முந்தின நாள், "ஒரு விரக்கடை குறைஞ்சிருக்கு. எங்கனயோ பைய கசியுது. பாத்துக்க" என்றார்.

நான் பார்க்கவில்லை.

4

ஊர் திரும்பிய பிறகு வாரம் தவறாமல் போனில் கேட்பார். "தண்ணி பாத்தியா?" பார்த்தேன் என்பேன். பொய்தான். ஒரு வருடம் அப்படியே ஓடியது. இந்த ஆடி மாதத்தில் ஒரு நாள் இரண்டு ஷிப்டு சேர்த்துப் பார்த்துவிட்டுக் களைத்து வந்திருந்தேன். அதே கேள்வி. "இங்க யாரும் தெனமும் பானட்டத் தொறந்து பாக்க மாட்டாங்கப்பா. நான் நர்சு. கிளீனர் கெடையாது."

"சரிட்டி" என்றார்.

நான்காம் நாள் காலையில் ஸ்டாண்டில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. விமானச் சீட்டு கிடைத்து நான் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. வீட்டில் அவர் செருப்பு மட்டும் கிடந்தது.

இங்கே திரும்பி வந்த முதல் காலை, வேலைக்குக் கிளம்பும் முன் காரின் முன்மூடியைத் திறந்தேன். அவர் சொன்னபடி தண்ணீர் குறைந்திருந்தது. ஒரு குப்பியில் குழாய்த் தண்ணீர் பிடித்து ஊற்றினேன். மறுநாளும் திறந்தேன். அதற்கடுத்த நாளும். கொஞ்சமாகக் குறைந்திருக்கும், கொஞ்சமாக ஊற்றுவேன். ஊற்றிவிட்டுத்தான் காபி. ஆவணியில் ஊற்றினேன், புரட்டாசியில், ஐப்பசியில் ஊற்றினேன். மரங்கள் இலை உதிர்த்து நின்றபோதும் ஊற்றினேன்.

அந்த நாட்களில்தான் மணி அடிக்க ஆரம்பித்தது. பக்கத்து இருக்கையில் ஆள் இருந்து பெல்ட் போடாவிட்டால் கார் டிங் டிங் என்று கூப்பிடும். என் மருந்துப் பையின் கனத்தால் அடிக்கிறது என்று முதலில் பையைப் பின்னால் வைத்தேன். காலி இருக்கைக்கும் அடித்தது. தினமும் இல்லை, சில காலைகளில். உணரும் கருவி பழுதாகியிருக்கும் என்று எனக்குத் தெரியும். நான் படித்தவள். ஆனாலும் கையை நீட்டி, காலி இருக்கைக்குப் பெல்ட்டை மாட்டினேன். மணி நின்றது. அன்று முதல் வண்டி எடுக்கும் முன் இரண்டு பெல்ட் மாட்டினேன். சிக்னலில் பிரேக் மிதிக்கும்போது வலது பக்கம் பார்க்க மாட்டேன். பார்க்காமலே தெரியும், எனக்கு ஒரு நொடி முந்தி அங்கே பாயின் கோரை நெரிபடும்.

வெட்கத்தை விட்டு எழுதுகிறேன். தண்ணீர் உறையும்போது விரியும் என்பது எனக்குத் தெரியாததல்ல. பிளஸ் டூ இயற்பியலில் அந்தக் கேள்விக்கு முழு மதிப்பெண் வாங்கியவள். ஏரி ஏன் மேலிருந்து உறைகிறது, அடியில் மீன் ஏன் பிழைக்கிறது என்று படம் வரைந்து எழுதினேன். இன்னும் கேளுங்கள்: இதே காரில் கண்ணாடி துடைக்கும் தண்ணீருக்குக் குளிர்காலத் திரவம் வாங்கி நானே ஊற்றியிருந்தேன். அந்தத் தொட்டி என்னுடையது. ரேடியேட்டர் அப்பாவுடையது. அதன் மூடியைத் திறக்கும்போது என் படிப்பு பக்கத்தில் நிற்கவில்லை.

5

ஊரில் வண்டி சாவதில்லை. அப்பாவின் வேனை வாங்கியவர் வேறு இன்ஜின் போட்டு, மேல்பாகத்தை வெட்டி, வள்ளியூர்ச் சந்தைக்கு வாழைத்தார் ஏற்றிக்கொண்டிருக்கிறார். பழைய நம்பர் பலகை மட்டும் அப்படியே இருக்கிறது. இந்தக் கார் மட்டும் ஏன் சாக வேண்டும் என்று ஒரு பிடிவாதம் வந்தது. அந்த வேனுக்கு ஆயுள் முழுக்க வேலை பார்த்த மெக்கானிக் சுடலைமுத்து அண்ணாச்சியை, யூசுஃபின் பக்கத்தில் நின்றுகொண்டு வீடியோவில் கூப்பிட்டேன்.

"என்னட்டி இது, ஒர்க்‌ஷாப்பா ஆஸ்பத்திரியா? தரையில ஒரு சொட்டு ஆயிலக் காணோம். இவன் வேலை பாக்குதானா, பெருக்குதானா?"

"அவருக்குத் தமிழ் தெரியாது அண்ணாச்சி, அதுக்காக..."

"தெரியாதுன்னுதான சொல்லுதேன். சரி, டார்ச்ச அங்கன காட்டு. கீழ. பைய, பைய. ஆங்."

யூசுஃப் போனை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டார். விரிசலை விரலால் தொட்டு நீளம் காட்டினார். அண்ணாச்சி அந்தப் பக்கம் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் அகட்டி, "இம்புட்டா?" என்றார். யூசுஃப் இன்னும் கொஞ்சம் அகட்டினார். அண்ணாச்சி வெல்டு வைப்பதுபோல் கையை ஆட்டினார். யூசுஃப் இன்ஜினைத் தட்டிக் காட்டி, முடியாது என்று தலையை ஆட்டினார். "அலுமினியமா? அப்ப செரிப்படாது" என்றார் அண்ணாச்சி. நான் ஒரு வார்த்தை மொழிபெயர்க்கவில்லை.

"இவன் வேலை தெரிஞ்சவன்ட்டி. இங்கன கெடந்தா பழைய இன்ஜின் ஒண்ணத் தேடிப் புடிச்சி ஒரு வாரத்துல ஓட வச்சிருவேன். அங்கன உள்ள தோது எனக்குத் தெரியாது." பிறகு குரலைத் தாழ்த்தினார். "போனை வெளிய கொண்டு போ."

வெளியே வந்தேன்.

"வெறும் தண்ணியா ஊத்துன?"

"ஆமா அண்ணாச்சி."

"எத்தன நாளா?"

"அப்பா போனதுல இருந்து."

பனியன் துணியால் கையைத் துடைத்தார். துடைத்த கையையே மறுபடியும் துடைத்தார். "அவனும் அப்படித்தான ஊத்துவான்" என்றார். "அம்மைட்ட சொல்லாண்டாம். வண்டி பழசுன்னு சொல்லிரு. ஏற்கெனவே அவ அரை உசுரு."

6

சொல்லிவிடலாம் என்றுதான் இருந்தேன், வண்டி பழசு என்று. ஞாயிறு மதியம் அம்மா கூப்பிட்டாள். பாஸ்போர்ட் வந்துவிட்டது. மஞ்சள் தடவிச் சாமி படத்துக்கு முன் வைத்திருப்பதைக் காட்டினாள்.

"வண்டி சரியாச்சாட்டி?"

"பாக்காங்கம்மா. பழைய வண்டிலா."

"எப்படியாச்சும் சரி பண்ணிரு. அவரு உறங்குன சீட்டு அது."

"அப்பாவா? அவரு எங்க உறங்குனாரு? பயத்துல கண்ண மூடிக்கிட்டுல்லா வந்தாரு."

"உனக்குத் தெரியாதா? ஏதோ அணைக்குப் போய்ட்டு வரையில முக்கா மணி நேரம் உறங்கிட்டாராம். வந்து எங்கிட்ட சொன்னாரு. 'அடுத்தவன் ஓட்டுத வண்டியில நான் உறங்குனது இதுதான் மொத தடவ. அவகிட்ட சொல்லிராத, திமிரு புடிச்சிரும்'னாரு. அவர உறங்க வச்ச சீட்டு எப்படி இருக்குன்னு நானும் உக்காந்து பாக்கணும்ட்டி."

ரேடியோவைச் சத்தமாக வைத்தது ஞாபகம் வந்தது. அந்தச் சத்தத்திலும் உறங்கியிருக்கிறார்.

அதன் பிறகு பொய் சொல்ல வாய் வரவில்லை. கசிவைப் பற்றி அப்பா சொன்னதை, நான் பார்க்காததை, கிளீனர் கிடையாது என்று பேசியதை, அவர் போன பிறகு தினமும் ஊற்றியதை, உறைந்ததை, பிளந்ததை எல்லாம் சொன்னேன்.

"நீ படிச்சவல்லா. ஊத்தக் கூடாதுன்னு உனக்குத் தெரியாதா?"

"தெரியும்மா."

"தெரிஞ்சுமா ஊத்துன?"

"தெரிஞ்சுதான்."

அம்மா போனை எங்கோ கீழே வைத்துவிட்டாள். திரையில் எங்கள் வீட்டு மின்விசிறி மட்டும் சுற்றியது. மூக்கைச் சிந்தும் சத்தம். குழாயைத் திறந்து மூடும் சத்தம். வெகுநேரம் கழித்துத்தான் முகம் வந்தது. கழுவிய முகம்.

"சீட்டு ஒடஞ்சிட்டா?"

"இல்லம்மா. இன்ஜின்தான்."

"பொறவு என்னட்டி? நான் என்ன இன்ஜின் மேலயா உக்காரப் போறேன்? சீட்ட மட்டும் கழத்தி வையி. அவருதான் ஊருக்கு வந்தன்னைக்கே எங்கிட்டயும் சொன்னார்லா, எல்லாத்தையும் கழத்திட்டு சீட்ட மட்டும் குடுத்திருக்கான்னு."

7

யூசுஃப் பேட்டரி இணைப்பை எடுத்துவிட்டு, அடியில் ஓடும் ஒயரைப் பிரித்து, நான்கு போல்ட்டைக் கழற்றினார். சீட்டை எந்தத் தூரத்தில் அப்பா வைத்தாரோ அதிலிருந்து அசையாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்றேன். பெல்ட் மாட்டும் கொக்கி சீட்டோடு வந்தது. பெல்ட் வண்டியோடு நின்றுவிட்டது. கோரைப் பாயைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டேன்.

"தண்ணீர் ஊற்றியது நான்தான்" என்றேன்.

"தெரியும்" என்றார். "எங்கள் ஊரிலும் அப்படித்தான் ஊற்றுவார்கள். அங்கே எங்கள் வண்டி உறைந்து பிளந்தபோது ஊற்றியவர் என் அண்ணன்." மூன்று மாடி ஏறி இருவருமாகச் சீட்டைச் சுமந்து வந்து ஜன்னல் பக்கம் வைத்தோம், சாலையைப் பார்த்து.

காரை உடைக்கக் கொடுத்த இடத்தில் ஒரு பெண் படிவத்தோடு காரைச் சுற்றி வந்தார். இங்கே ஒரு காரை முடிப்பதற்கும் சான்றிதழ் உண்டு, ஒவ்வொன்றாகச் சரிபார்ப்பார்கள். கதவைத் திறந்தவர் நின்றார்.

"முன் வலது இருக்கை எங்கே?"

"வீட்டில்."

அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, படிவத்தில் ஒரு வரி எழுதிக் கையெழுத்துக்கு நீட்டினார்: முன் வலது இருக்கை இல்லை. என் பெயரை முழுதாக, அப்பா பெயரோடு சேர்த்து எழுதினேன்.

இப்போது வேறொரு பழைய கார் ஓட்டுகிறேன். யூசுஃப் பார்த்து வாங்கித் தந்தது. காலையில் முன்மூடியைத் திறந்து பார்க்கிறேன். அளவு சரியாக இருக்கிறது, மூடிவிடுகிறேன். அதன் பிறகு காபி. இந்தக் காரில் மணி அடிப்பதில்லை. அடிக்குமோ என்று சாவியைத் திருப்பிவிட்டு இன்னமும் கொஞ்சம் காத்திருக்கிறேன்.

வீட்டில் அந்த இருக்கையில் நான் உட்காரவில்லை. காலடியில் பாயை விரித்திருக்கிறேன், நைந்த இடம் வலது பக்கம் வரும்படி. விடியும் முன் வேலைக்குக் கிளம்பும்போது விளக்கைப் போடாமல் அதைத் தாண்டிப் போகிறேன். கீழே சாலையில் ஏதாவது வண்டி திடீரென்று பிரேக் பிடித்தால் மட்டும் திரும்பிப் பார்த்துவிடுகிறேன்.

நேற்று மதியம் வெளிநாட்டினருக்கான அலுவலகத்தில் வரிசையில் நின்று, அம்மா இங்கே தங்கும் நாட்களுக்கு நானே பொறுப்பு என்று கையெழுத்துப் போட்டேன். விசாவுக்கான அழைப்புக் கடிதத்தில் அவள் பெயரை முத்துலட்சுமி என்று பாஸ்போர்ட்டைப் பார்த்து ஒவ்வோர் எழுத்தாகச் சரிபார்த்து, சேரன்மகாதேவிக்குப் பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டேன்.